வண்டிப் பின் சீட்டில் வருகிற பேச்சு

மதுரை சிம்மக்கல் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை. சைக்கிள், டூவீலர் உதிரிபாகம். பிரேக் ஒயர், செயின், டியூப், பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் என்று கைக்கடக்கமான சாமான்கள்தான். இருபத்திரண்டு வருடமாக அதே கல்லா, அதே ஸ்டூல். சொல்யூஷன் கேட்டு வருகிற ஆளைப் பார்த்தவுடனே ரகம் தெரிந்துவிடும். பஞ்சர் கடைக்காரர் என்றால் பெட்டியாகக் கேட்பார். வீட்டில் தானே ஒட்டிக்கொள்கிறவர் ஒன்று கேட்பார், கூடவே பேட்ச்சும் உப்புத்தாளும் கேட்பார். சில வருடங்களுக்கு முன்னால் மூன்றாவதாக ஒரு ரகம் வர ஆரம்பித்தது. கீழே பள்ளிக்கூடப் பேன்ட், மேலே வீட்டுச் சட்டை. பேட்ச் வேண்டாம், உப்புத்தாள் வேண்டாம், சொல்யூஷன் மட்டும் நாலு.

"சைக்கிள் எங்கடா தம்பி?"

"வீட்ல நிக்குதுண்ணே."

"உருட்டிட்டு வா. நானே ஒட்டித் தாரேன், காசு வேணாம்."

உருட்டிக்கொண்டு வந்தவன் ஒருத்தன்கூடக் கிடையாது.

மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் எடுத்த போதைப் பழக்கக் கணக்கெடுப்பு 2019-ல் வெளியானது. மது, கஞ்சா, மாத்திரை என்று எதை எடுத்தாலும் பெரியவர்கள்தான் அதில் முன்னால் நிற்கிறார்கள். ஒன்றே ஒன்றில் மட்டும் பிள்ளைகள் முந்திவிட்டார்கள். முகர்ந்து போதை ஏற்றிக்கொள்வது. பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுக்குள் 1.17 சதவீதம். நேர் இரட்டை. அதைப் படித்த அன்றைக்குச் சொல்யூஷன் அட்டைப்பெட்டியை வெளி ரேக்கிலிருந்து எடுத்துக் கல்லாவுக்குக் கீழே வைத்தேன். அப்படியே நமக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் கொஞ்சம் வந்துவிட்டது. ஊர்ப் பிள்ளைகளைக் கண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவன் வீட்டுப் பிள்ளையை விட்டுவிடுவானா என்று.

விட்டேன்.

மகன் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது ஒரு சனிக்கிழமை, துவைக்க எடுத்த பேன்ட் பையில் என் மனைவி கைவிட்டுப் பார்த்தாள். பையில் பத்து ரூபாய் இருக்கும், பேனா மூடி இருக்கும், அப்படித்தான் பார்ப்பாள். அன்றைக்குக் கையில் வந்தது விரல்நகம் அளவில் வெள்ளைப் பை ஒன்று, டீத்தூள் பையைக் குட்டியாக்கியது மாதிரி. உதட்டுக்கு உள்ளே ஒதுக்கிக்கொள்கிற புகையிலை. புதினா வாசனை தூக்கியது. அவள் அதைப் பப்பிள்கம் என்றே நினைத்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. பையன் டியூஷனிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஓங்கி ஒரு அறை விட்டேன். அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்த கை அது.

அப்புறம் இரண்டு மாதம் நான் போலீஸ். தினமும் சாயங்காலம் வாயை ஊதச் சொல்வேன். புத்தகப்பையைக் கொட்டுவேன். போனை வாங்கி யார் யாரோடு பேசினான் என்று பார்ப்பேன். கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்பேன். ஒன்றும் அகப்படவில்லை. பையனும் மரியாதையாக மாறிவிட்டான். "சரிப்பா", "இல்லப்பா", "ஒண்ணுமில்லப்பா". இந்த மூன்றைத் தாண்டி அவன் வாயிலிருந்து எதுவும் வராது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது படிக்கிற மகள்தான் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். "அண்ணன் இப்பல்லாம் எதுவுமே பேசுறதில்லப்பா. எங்கிட்டகூட." கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் கேட்டாள். "ஏன் அவன மட்டும் ஊதச் சொல்றீங்க? என்னைய யாரும் ஒண்ணும் கேக்கவே மாட்றீங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. பெண்பிள்ளை என்றால் இதெல்லாம் இருக்காது என்று எந்தக் காரணமும் இல்லாமல் முடிவு கட்டி வைத்திருந்தேன்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் கடையில் ஈ ஓட்டுகிற நேரம். அப்போதுதான் போனில் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஸ்வீடனில் ஸ்டாட்டின், கெர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்களுடைய பெற்றோரையும் வைத்து ஆராய்ந்து 2000-ல் எழுதிய கட்டுரையைப் பற்றி ஓரிடத்தில் இருந்தது. பிள்ளை எங்கே போகிறான், யாரோடு இருக்கிறான் என்று பெற்றோருக்குத் தெரிந்திருக்கும் வீடுகளில் பிள்ளைகள் வம்புதும்புகளில் சிக்குவது குறைவு. இது எல்லோரும் சொல்வதுதான். அவர்கள் அடுத்ததாக ஒன்று கேட்டார்கள்: பெற்றோருக்கு அது எப்படித் தெரிகிறது? துருவிக் கேட்பதாலா, கட்டுக்குள் வைத்திருப்பதாலா, பிள்ளை தானாக வந்து சொல்வதாலா? பெரும்பாலும் மூன்றாவதால்தான் என்று வந்தது.

சொல்கிற பிள்ளை முதலிலேயே ஒழுங்கான பிள்ளையாக இருக்கலாமே, அதனால்தான் மறைக்க ஒன்றும் இல்லாமல் சொல்கிறதோ என்று எனக்கும் தோன்றியது. இருக்கலாம். ஆனால் என் வீட்டில் நடந்தது எனக்குத் தெரியுமே. அந்த அறைக்கு முந்திய வாரம்வரை வாத்தியார் திட்டியது, பஸ்ஸில் நடந்த சண்டை, எவனோ எவளுக்கோ லெட்டர் கொடுத்தது எல்லாவற்றையும் கொட்டிக்கொண்டிருந்தவன் அவன். அந்தக் குழாயை நான்தான் அடைத்தேன். அடைத்துவிட்டு, தண்ணீர் வருகிறதா என்று தினமும் வாயை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்கு வருகிற பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "தோளுக்கு மிஞ்சுனா தோழன்யா, ஃப்ரெண்டு மாதிரி இரு" என்றார். எனக்கு அதில் அவ்வளவாக உடன்பாடில்லை. அவனுக்கு ஃப்ரெண்டு பதினைந்து பேர் இருக்கிறார்கள், அப்பா ஒருத்தன்தான். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்கிற ஆள் வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும். அதைச் சொல்லிவிட்டு, அவன் சொல்வதைக் கேட்க உட்காரவும் வேண்டும். முதல் பாதி எனக்கு நன்றாக வரும்.

இந்தப் பழக்கமெல்லாம் வெளியிலிருந்து வருகிறது, கெட்ட சகவாசத்தில் வருகிறது என்று நாம் பேசிக்கொள்கிறோம். யோசித்துப் பார்த்தால் எனக்கு அது வீட்டிலிருந்துதான் வந்தது. என் அப்பாவுக்குப் பீடி வாங்கப் போனவன் நான். ஆறேழு வயது இருக்கும். செல்லூரில் எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் தேங்காய்நார்க் கயிறு ஒன்று தொங்கும், அதன் நுனியில் எந்நேரமும் நெருப்புக் கனன்றுகொண்டிருக்கும். பீடியைப் பற்றவைத்தே கொண்டுபோய்க் கொடுத்தால் அப்பாவுக்குத் தீப்பெட்டி மிச்சம். பற்றவைக்க வேண்டுமென்றால் ஒரு இழுப்பு இழுத்துத்தானே ஆகவேண்டும்? கடைக்காரர் பார்த்துச் சிரிப்பார். அப்பாவுக்கும் தெரியும். அவருடைய இருமல் விடியற்காலை நாலரைக்குத் தொடங்கும், தெருவில் அதைக் கேட்டுத்தான் வாசல் தெளிக்க எழுந்திருப்பார்கள். நான் பீடியை விட முப்பத்து நாலு வயதாயிற்று.

என் பிள்ளையை நான் எந்தக் கடைக்கும் அப்படி அனுப்பியதில்லை. ஆனால் கிடாவெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

மேலூர்ப் பக்கம் மச்சான் ஊரில் குலசாமிக்கு இரண்டு கிடாய். கண்மாய்க் கரையில் புளியமரத்து நிழல், ஒரு பக்கம் குடல் குழம்பு கொதிக்கிறது, இன்னொரு பக்கம் ஆண்கள் கூட்டம் வட்டமாக உட்கார்ந்திருக்கிறது. என் மகனுக்கு அப்போது பதின்மூன்று முடிந்து பதினான்கு. மச்சான் அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துப் பிளாஸ்டிக் டம்ளரில் பாதி ஊற்றினார். "பீருதான் மருமகனே, சூட்டத் தணிக்கும். ஆம்பளப் பிள்ள, தாய்மாமன் கையால குடி." எல்லோரும் சிரித்தார்கள். பையன் என்னைப் பார்த்தான். நான் இலையைப் பார்த்தேன்.

அவன் என்னைப் பார்த்தது ஒரு நொடிதான் இருக்கும். மச்சான் வீட்டு விசேஷத்தில் எதற்குப் பேச்சு என்று குனிந்துகொண்டேன். ஆறு மாதம் கழித்து அந்தப் புதினாப் பைக்காக அவனை அறைந்தபோது, அவன் ஒருவேளை அந்த டம்ளரைத்தான் நினைத்திருப்பான்.

சட்டம் எல்லாம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக்கூடாது. பள்ளிக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்கிறது 2003-ஆம் வருடச் சட்டம் (எங்கள் பக்கத்துப் பெட்டிக்கடை 101-வது கெஜத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன்). மெல்லுகிற புகையிலைக்கும் குட்காவுக்கும் இங்கே 2013-லிருந்து தடை. உதட்டில் ஒதுக்குகிற பை பள்ளிப் பிள்ளைகளிடம் பரவுவதைப் பற்றி 2024-ல் நம் ஊர் உயர் நீதிமன்றக் கிளையே கேள்வி எழுப்பியது. 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவுப்படி, குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் ஏழு வருடம்வரை கடுங்காவல், ஒரு லட்சம்வரை அபராதம். இதில் தாய்மாமனுக்கு விலக்கு ஒன்றும் கிடையாது.

அடுத்த வருடக் கிடாவெட்டுக்கு முந்தின நாளே மச்சானுக்குப் போன் போட்டேன். "இந்தத் தடவ அவனுக்கு ஊத்தாதீங்க மச்சான்." அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "என்ன மாப்ள, நான் என்னமோ பிள்ளையக் கெடுக்கிற மாதிரி பேசுறீங்க" என்றார். கோபம்தான். ஆறு மாதம் சரியாகப் பேசவில்லை. என் மனைவி இரண்டு பக்கமும் சமாதானம் பேசிச் சலித்தாள். கிடாவெட்டில் அவனை யாரும் கூப்பிடவில்லை, அதுவரை லாபம். நானும் அன்றைக்கு வட்டத்தில் உட்காரவில்லை, பந்தியில் வாளி தூக்கினேன். மச்சானைச் சொல்லிவிட்டு நான் மட்டும் போய் உட்கார்ந்தால் எப்படி?

ஐஸ்லாந்துக் கதையை நீங்களும் எங்காவது படித்திருக்கலாம். 1998-ல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர் முந்திய ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையானவர்கள். 2016-ல் அது 5 ஆகிவிட்டது. தினமும் சிகரெட் பிடிப்பவர்கள் 23-லிருந்து 3-க்கு வந்தார்கள். சாயங்காலம் பிள்ளைகள் சும்மா திரியாமல் இருக்க விளையாட்டுக்கும் பாட்டுக்கும் அரசாங்கமே காசு கொடுத்தது. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் தனியாக வெளியே நிற்கக்கூடாது, கோடையில் 12 மணிவரை என்று சட்டம் போட்டார்கள். பெற்றோர்கள் தங்களுக்குள் கூடி, எங்கள் பிள்ளைகளுக்கு இந்த இந்தக் கட்டுப்பாடு என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். வாரக் கடைசி ராத்திரியில் அப்பா அம்மாக்கள் தெருவில் நடந்து சுற்றிவந்தார்கள்.

பத்து மணி. மதுரையில் பத்து மணிக்குத்தான் பரோட்டாக் கல்லே சூடாகிறது. தூங்கா நகரம் என்று பெருமையாகப் பெயர் வேறு வைத்துக்கொண்டோம். நடுராத்திரி இட்லிக் கடையில் ஆவி பறக்கும், சித்திரைத் திருவிழாவில் அழகர் வருகிற இரவு ஊரே ஆற்றில்தான் கிடக்கும். இங்கே பத்து மணிக்குப் பிள்ளையை உள்ளே வை என்றால் சிரிப்பார்கள்.

ஆனால் தெருவில் பெரியவர்கள் சுற்றிவருவது நமக்குப் புதிதில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது செல்லூரில் திண்ணைக்கு ஒரு அப்பத்தா உட்கார்ந்திருக்கும். நூல் சுற்றிக்கொண்டே தெருவின் இரண்டு முனையையும் பார்த்துக்கொண்டிருக்கும். பற்றவைத்த பீடியோடு நான் போவதைப் பார்த்தால், "எலேய், ஒங்கப்பனுக்குத்தான அது? வேகமாப் போ, கரியாப் போயிரும்" என்று கத்தும். நிறுத்தவில்லைதான், ஆனால் பார்த்தது. இப்போது நான் இருக்கிற புதூர் வீட்டில் திண்ணை இல்லை, கேட்டுக்கு மேலே கேமரா இருக்கிறது. அது எதையும் கேட்பதில்லை.

ஐஸ்லாந்து மாதிரி பெற்றோரைச் சேர்க்கலாம் என்று மகனுடைய நண்பர்கள் வீட்டாரை வைத்து வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கினேன். மூன்றாம் நாளே குட்மார்னிங் படமும் பிளாட் விளம்பரமுமாக நிரம்பிவிட்டது. அதை விட்டுவிட்டு நாலு வீட்டுக்கு நேரில் போனேன். என் நம்பரைக் கொடுத்து அவர்கள் நம்பரை வாங்கினேன். "ஒங்க பையன் எங்க வீட்டுக்கு வந்தா ஒரு போன் போடுறேன், நீங்களும் போடுங்க." அவ்வளவுதான் ஒப்பந்தம். இரண்டு வீட்டில் காபி கிடைத்தது. ஒரு வீட்டில், எங்கள் பிள்ளையைச் சந்தேகப்படுகிறீர்களா என்று கேட்டார்கள். நாலாவது வீட்டில் அப்பாவைப் பார்க்க முடியவில்லை, வாசலில் அந்தப் பையன்தான் நின்று நம்பரை எழுதிக்கொண்டான்.

சரி, அடைத்த குழாய்க்கு வருகிறேன். அதைத் திறந்தது நானில்லை, என் மனைவி. "ராத்திரி கடை சாத்துறப்ப அவனக் கூட வச்சுக்கங்க, ஷட்டர் இழுக்க ஆள் வேணும்ல" என்றாள். ஷட்டரை நான் ஒற்றைக் கையால் இழுப்பேன் என்று அவளுக்குத் தெரியும். டியூஷன் முடிந்து ஒன்பது மணிக்கு வருவான், ஒன்பதரைக்குப் பூட்டுவோம். சிம்மக்கல்லிலிருந்து யானைக்கல், ஆற்றுப் பாலம், கோரிப்பாளையம், தமுக்கம், தல்லாகுளம், புதூர். முன்பெல்லாம் பதினைந்து நிமிடம். கோரிப்பாளையத்தில் மேம்பால வேலை தொடங்கியபின் அரை மணி ஆனது. ஊரெல்லாம் திட்டிய அந்த நெரிசலை நான் மட்டும்தான் திட்டவில்லை.

முதல் மூன்று வாரம் அதே மூன்று பதில்தான். நானும் கேட்பதை நிறுத்திவிட்டுக் கடையில் நடந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தேன். பழைய வண்டிக்குப் புது செயின் மாட்டிக்கொண்டு மைலேஜ் வரவில்லை என்று சண்டைக்கு வந்தவர் கதை, அந்த மாதிரி. ஒருநாள் பாலத்தின்மேல் வண்டி நகராமல் நின்றபோது முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்பா, ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது."

"சொல்லு."

"அன்னைக்கு என் பேன்ட்ல இருந்துச்சுல்ல, அது என்னோடது இல்ல. வச்சுக்கடான்னு குடுத்தான். ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ நானும் வச்சுப் பாத்தேன்."

நல்லவேளை, வண்டி நின்றுகொண்டிருந்தது. இதுவே வீட்டில், முகத்துக்கு முகம் என்றால் என் கண்ணைப் பார்த்தே பாதியில் நிறுத்தியிருப்பான். இங்கே அவனுக்குத் தெரிவது என் முதுகும் ஹெல்மெட்டும்தான். எனக்குத் தெரிவது முன்னால் நிற்கிற பஸ்ஸின் நம்பர் பிளேட். "தல சுத்துச்சா?" என்று மட்டும் கேட்டேன்.

"வாந்தி வந்துச்சு."

"எனக்கும் மொதத் தடவ பீடில வந்துச்சு."

அந்தக் கயிற்றுக் கதையை அன்றைக்குத்தான் அவனிடம் சொன்னேன். புற்றுநோய் வரும் என்று அதற்கு முன்னால் இருபது தடவை சொல்லியிருப்பேன். பதினைந்து வயதுக்காரனுக்கு ஐம்பது வயதில் வரும் நோய் வேறு யாருக்கோ வருவது. அன்றைக்கு வியாபாரியாக ஒன்று கேட்டேன். "வெத்தல போடுற தாத்தா புதினா வாசம் கேப்பாரா? அப்ப அந்த வாசத்த யாருக்குன்னு போட்டுருக்காய்ங்க?" கோரிப்பாளையம் தாண்டும்வரை ஒன்றும் சொல்லவில்லை. தமுக்கம் பக்கத்தில் "எங்களுக்கா?" என்றான். வளரும் மூளையை நிகோடின் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும், யோசித்து நிறுத்துகிற பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழுசாக முதிர்கிறது என்றெல்லாம் சொல்லலாம் என்று படித்து வைத்திருந்தேன். அவன் எங்களுக்கா என்று கேட்ட பிறகு அது தேவைப்படவில்லை.

அதிலிருந்து பின் சீட்டில் பேச்சு வருகிறது. தினமும் இல்லை. வாரத்தில் ஒருநாள், இரண்டு நாள். மற்ற நாளில் கிரிக்கெட்.

போன மாசி மாதம் அவன் சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாகிவிட்டது. அவன் வகுப்பில் ஒரு பையன் சொல்யூஷன் பழக்கத்தில் இருக்கிறானாம். "பேரக் கேக்கக்கூடாது" என்று முதலிலேயே வாக்கு வாங்கிக்கொண்டான். எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது. அந்த நாலாவது வீடு. அப்பாவின் நம்பரை அந்தப் பையனே கொடுத்து என் போனில் இருக்கிறது. போன் போடுவதா வேண்டாமா? போட்டால் நாளையிலிருந்து என் பிள்ளை எதையும் சொல்லமாட்டான். போடாமல் விட்டு, அந்தப் பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்தக் கருமம் ஒரே ஒரு தடவையிலேயே மூச்சை நிறுத்தவும் செய்யும். இரண்டு நாள் தூக்கமில்லை. போதை மீட்புக்கு என்று இருக்கிற 14446 இலவச எண்ணில் கேட்டேன், பேரைச் சொல்லாமல். குழந்தைகளுக்கான 1098-ம் இருக்கிறது, பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவும் இருக்கிறது. பேசியவர் பொறுமையாகக் கேட்டார். மறைத்து வைக்க வேண்டாம், உங்கள் மகனிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள் என்றார்.

அப்படியே செய்தேன். பாலத்தின்மேல் வைத்துத்தான் சொன்னேன். பையனுக்குக் கோபம், இரண்டு நாள் பஸ்ஸில் போனான். மூன்றாம் நாள் ஷட்டர் இழுக்க வந்தபோது, "மொதல்ல அவன நம்ம வீட்டுக்குக் கூப்புடுறேன். நீங்க அவன்கிட்டயே பேசுங்க. அப்புறம் அவங்கப்பாகிட்ட" என்றான். எனக்கு இது தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். கை கால் எல்லாம் குச்சி. என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை, கறிக்குழம்பும் தோசையும் வைத்துக்கொண்டே இருந்தாள். பேச வேண்டியதைச் சாப்பிட்ட பிறகு பேசலாம் என்று நான் முன் அறையில் பேப்பரைப் பிரித்துவைத்து உட்கார்ந்திருந்தேன். உள்ளே இரண்டு பேரும் மெதுவாகப் பேசுவது கேட்டது.

"ஒங்கப்பா அடிப்பாரா?"

"ஒரு தடவ அடிச்சாரு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் அந்தப் பையன் கேட்டான், "அம்மா, இன்னொரு தோச இருக்கா?"